பழைய கம்ப்யூட்டரின் அண்ணனுக்கு அட்வான்ஸ் கொடுத்த கதை

2025 ஆகஸ்ட் 10, ராத்திரி பத்தேகால் மணி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். நாலு கடைகளின் பில் விவரம் இன்னும் ஏற்ற வேண்டியிருந்தது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்துவிட்டு எழுந்துபோய்ப் பால் காய்ச்சி, ஆற்றி, குடித்துவிட்டு வந்தேன். திரையில் அதே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வேலை முடிந்தபோது மணி இரண்டு. படுக்கப் போகும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த மாதம் வேறு கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டும்.

திருச்சி உறையூரில் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். என் கம்ப்யூட்டர் 2013இல் அசெம்பிள் செய்தது. ஐ3-3220 ப்ராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட பெட்டி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் சேர்ந்து அதன் பக்கவாட்டுத் தகட்டில் ஒரு நிரந்தர வட்டமே படிந்திருந்தது.

உடனே கடைக்கு ஓடவில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் ஒரு யோசனை சொன்னான். "அம்மா, எங்கெங்க காத்திருக்கேன்னு ஒரு வாரம் எழுதி வை." கணக்கெழுதுகிறவளுக்குக் கணக்கெழுதச் சொல்லித் தர வேண்டுமா? பழைய டைரியில் கோடு போட்டு எழுதினேன். ஆன் செய்து டேலி திறக்கும் வரை 4 நிமிஷம் 20 விநாடி. பிரவுசரில் ஜிஎஸ்டி தளம், பக்கத்தில் எக்செல், பின்னால் டேலி என மூன்றும் திறந்திருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ 15 விநாடிக்கு மேல். அந்த நேரங்களில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ப்ராசசர் 30 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. டிஸ்க் 100, ரேம் நிரம்பி வழிந்தது. அதாவது நான் காத்திருந்தது ப்ராசசருக்காக அல்ல. சுற்றும் தட்டு ஹார்ட் டிஸ்க்குக்காகவும், இடம் போதாத ரேமுக்காகவும்.

இதைத் தெரிந்துகொண்டால் பலருக்குப் புதுப் பெட்டியே தேவைப்படாது. 256 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி மாட்டி, ரேமை எட்டாக்கினால் பழையதே குதித்து ஓடும். யாராவது என்னிடம் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்கிறேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. மதர்போர்டில் ஒரு ரேம் ஸ்லாட் எப்போதோ செத்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், 2025 அக்டோபர் 14ஓடு என் பெட்டியில் இருந்த விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நிற்கவிருந்தது. அடுத்த விண்டோஸ் 11 இந்த வயசுப் பெட்டியை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை, நீட்டிப்பு இருந்ததுதான். ஆனால் இத்தனை பேருடைய பான் எண்ணும் வங்கி விவரமும் கிடக்கும் பெட்டியைப் பன்னிரண்டு வயது போர்டில் வைத்துக்கொண்டு இன்னொரு வருஷம் பயந்து பயந்து ஓட்ட மனசில்லை. லினக்ஸ் போடலாம் என்றான் மகன். மற்றவற்றுக்குச் சரி, டேலி விண்டோஸில் ஓடுகிற சாமான்.

அப்புறம்தான் கடைக்குப் போனேன். நம் ஊரில் நல்ல கூட்டம் உள்ள கடை. "கணக்கு வேலையா மேடம்? ஐ7 போட்டுருங்க. 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, எல்லாம் புது போர்டு, 14,500" என்றார். ஐ3 வைத்திருந்தவளுக்கு ஐ7 என்றதும் இரண்டு படி ஏறிவிட்ட மாதிரி இருந்தது. போர்டு அட்டைப்பெட்டியோடு புதுசாக வந்ததைக் காட்டினார். கேபினெட் கண்ணாடி போட்டது, உள்ளே நீல விளக்கு. 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கொட்டேஷன் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மகன் சீட்டைப் பார்த்தான். அதில் 'ஐ7-3770' என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் போனில் எதையோ தேடிவிட்டு, "அம்மா, நம்ம கம்ப்யூட்டர் என்ன நம்பர்?" என்றான். 3220. "அப்ப இது நம்ம கம்ப்யூட்டரோட அண்ணன்மா."

விஷயம் இதுதான். இன்டெல் பெயரில் ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே வகுப்புக்குள் யார் முன் வரிசை என்பது மட்டும். எந்த வருஷத்து வகுப்பு என்பது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. 3220, 3770 இரண்டும் மூன்றாம் தலைமுறை, இரண்டும் 2012இல் வெளிவந்தவை. 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. அந்தப் 'புது போர்டு' பொய்யில்லை. பழைய ப்ராசசர்களைத் தள்ளிவிடுவதற்காகவே எச்61 சிப்செட் போர்டுகள் இன்னும் புதிதாகத் தயாராகி வருகின்றன. போர்டு புதுசு, மூளை பழசு. என் பழைய போர்டும் அதே எச்61தான். வேண்டுமானால் அந்த ஐ7ஐ மட்டும் வாங்கி என் பெட்டியிலேயே மாட்டியிருக்கலாம்! நான் வாங்கப் போனதோ விண்டோஸ் 11க்காக. அந்தப் பெட்டி விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் எங்குமே கிடையாது. இன்டெல்லில் அந்தப் பட்டியல், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பம். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசைப் பக்கம்.

மறுநாள் போய் அட்வான்ஸைக் கேட்டேன். "பார்ட்ஸ் ஆர்டர் போட்டாச்சு மேடம்." சண்டை போட்டுப் பார்த்தேன், பணம் வரவில்லை. கடைசியில் அந்த 2,000க்குக் கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் ஒன்று, நான் கேட்காத ஒரு மவுஸ் பேட் என்று பொருளாக வாங்கிக்கொண்டேன். அந்த மவுஸ் பேடைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஆனால் நல்ல மவுஸ் பேட்.

சென்னையில் இருக்கும் கொழுந்தனார் ஐடி கம்பெனியில் வேலை. அவரிடம் போனில் புலம்பினேன். "அண்ணி, முதல்ல எவ்வளவுக்குள்ள வேணும், பின்னாடி என்னென்ன சொருகணும், இத ரெண்டையும் சொல்லுங்க" என்றார். 20,000க்குள் என்றேன். இரண்டாவது கேள்விக்கு டார்ச் அடித்து மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. மானிட்டர் பழசு, விஜிஏ ஒயர் மட்டும்தான் ஏற்கும். பிரிண்டர் யுஎஸ்பி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஒரு யுஎஸ்பி. கீபோர்டு, மவுஸ். ரௌட்டர் அடுத்த அறையில் இருப்பதால் இன்டர்நெட் ஒயரில் வராது, வைஃபை வேண்டும். இந்தச் சீட்டை எழுதாமல் போயிருந்தால் வாங்கி வந்த அன்றைக்கே வேலை நின்றிருக்கும்.

மூன்று வழி சொன்னார். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-12100 போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்டைப் பிரித்துத் தரும் பெட்டி) சேர்த்து அப்போது 28,000ஐத் தாண்டியது. அது உத்தமம், ஆனால் என் பட்ஜெட்டில் இல்லை. அடுத்தது, இன்டெல் என்100 போட்ட உள்ளங்கை அளவு மினி பிசி. நாலு கோர், வெறும் 6 வாட் சிப். படிக்க, டைப் அடிக்க, யூட்யூப் பார்க்க அருமை. ஒரே நேரத்தில் டேலி, பெரிய எக்செல், இருபது பிரவுசர் டேப் என்று நான் செய்யும் அட்டகாசத்துக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும் என்றார். மூன்றாவதுதான் நான் வாங்கியது. கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுத் தள்ளும் ஆபீஸ் டெஸ்க்டாப். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி ப்ரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகிய மூன்று குடும்பங்கள். ஏசி அறையில் இருந்தவை, பெரும்பாலும் எக்செல் பார்த்தே காலம் தள்ளியவை. "ஐ5-8500 கிடைச்சா எடுத்துடலாம் அண்ணி. ஆறு கோர், உங்க வேலைக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் தாராளம்."

நடுவில் வருமான வரிக் கெடு வந்தது. அந்த வருஷம் ஜூலை 31ஐ செப்டம்பர் 15ஆக நீட்டி, பிறகு ஒரு நாள் சேர்த்து 16 ஆக்கினார்கள். அதை முடிப்பதற்குள் செப்டம்பர் 22 புது ஜிஎஸ்டி விகிதம். எல்லாக் கடைக்கும் டேலியில் வரி மாற்றிக் கொடுக்க வேண்டும். "வரி குறையுதே, கொஞ்சம் பொறுத்து வாங்கேன்" என்றார் வீட்டுக்காரர். கம்ப்யூட்டருக்கு முன்பும் 18, பின்பும் 18. பெரிய டிவி, 32 அங்குலத்துக்கு மேல் உள்ள மானிட்டர் இதெல்லாம்தான் 28இலிருந்து இறங்கியது. அதைச் சொல்லிவிட்டு வெள்ளி ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை. வேண்டுமென்றேதான் சனி. ஞாயிறு போனால் ரிச்சி தெருவில் பெரும்பாலும் மூடிய ஷட்டர்தான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தோம். ரிச்சி தெரு என்று சொல்கிறோமே தவிர, நரசிங்கபுரம் தெருவும் பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. பழைய ஆபீஸ் பெட்டிகள் தரைத்தளக் கடைகளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாடிப்படி ஏறிப் போனால் சுவர் முழுக்கச் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள்.

முதல் கடையில் 11,000க்கு ஒரு ஆப்டிப்ளெக்ஸ் காட்டினார்கள். ஆன் செய்து, "பாருங்க, விண்டோஸ் 11 ஓடுது" என்றார் பையன். ஓடியது. கொழுந்தனார் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். ஐ5-7500. ஏழாம் தலைமுறை. வெளியே பார்த்தால் எட்டாம் தலைமுறைப் பெட்டியிலிருந்து வித்தியாசமே தெரியாது. பென்டிரைவ் தயாரிக்கும்போதே சோதனைகளைத் தாண்டும்படி செய்துவிட்டால் பட்டியலில் இல்லாத மெஷினிலும் விண்டோஸ் 11 ஏறிவிடும். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஓடுகிறது என்பது வேறு, அதற்கு உரிமை உண்டு என்பது வேறு. என் பையிலிருந்த கொட்டேஷன் சீட்டு ஞாபகம் வந்தது.

மூன்றாவது கடையில் ஆப்டிப்ளெக்ஸ் 3060, ஐ5-8500, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி. 17,500 சொன்னார்கள். அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். கொழுந்தனார் செய்ததை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். முதலில் ஆன் செய்யும்போதே எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போனார். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு எடுக்கப்படாமல் இருந்தால் பிறகு நம்மால் ஒன்றும் மாற்ற முடியாது. (எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1.) உள்ளே விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தார். பின்னால் ஒட்டியிருந்த சர்வீஸ் டேக் எண்ணை டெல் தளத்தில் போட்டு, பெட்டி எப்போது கம்பெனியை விட்டுக் கிளம்பியது என்று பார்த்தார். பிறகு அந்த அட்வான்ஸ் பென்டிரைவை எடுத்தார். அதில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அந்தச் சின்ன மென்பொருள் டிஸ்க்கின் ஆரோக்கியத்தையும் அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் காட்டிவிடும். உள்ளே இருந்த எஸ்எஸ்டி ஏதோ பெயர் தெரியாதது, ஆரோக்கியம் 71 சதவீதம். வேறு மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். கடைசியில் ஒரு மவுஸை எடுத்து எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் வரிசையாகச் சொருகிப் பார்த்தார். முன்பக்கம் ஒன்று வேலை செய்யவில்லை. அந்த ஒன்றுதான் எங்களுக்கு 1,000 ரூபாய் குறைத்தது. அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தோம், ஆனால் விலை மட்டும் 16,500இலேயே நின்றுவிட்டது.

பில்லில் மட்டும் நான் யாரையும் பேச விடவில்லை. "பில் வேணும்னா 18 பர்சென்ட் சேரும்" என்றார். பழைய பொருள் வாங்கி விற்பவர், வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளாமலிருந்தால், லாபத்துக்கு மட்டும் வரி கட்டுகிற வழி சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆடிட்டர் ஆபீஸா மேடம்?" என்று கேட்டார். பில் வந்தது. சர்வீஸ் டேக் எண்ணும், ஆறு மாத வாரண்டியும், வாரண்டி எதெதற்கு என்பதும் அதிலேயே எழுதி சீல் வைத்து வாங்கினேன். வாயால் சொன்ன வாரண்டிக்கு என் தொழிலில் மதிப்பு கிடையாது.

வாங்குவதற்கு முன் இந்த ரகப் பெட்டியின் குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இது சின்ன உருவம், எஸ்எஃப்எஃப் என்பார்கள். எஸ்எம்பிஎஸ் 200 வாட், அளவும் இணைப்பும் டெல்லுக்கே உரியது. போய்விட்டால் தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதா எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அதே ரகத்தைத் தேடித்தான் வாங்க வேண்டும். உயரமான கிராபிக்ஸ் கார்டும் உள்ளே போகாது. இதை நான் போனில் வீட்டுக்குச் சொல்வதற்குள், "ஆப்டிப்ளெக்ஸ் 3060 வாங்கியாச்சு" என்ற செய்தி மகனுக்குப் போய்விட்டது. அவன் காதில் விழுந்தது 3060 மட்டும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 என்று ஒரு கேமிங் கார்டு இருக்கிறதாம். ஞாயிறு காலை திருச்சி ஜங்ஷனுக்கு வந்து பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான். அப்படி ஒரு உதவி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உண்மை தெரிந்தபின் ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு அவனேதான் உட்கார்ந்து விண்டோஸைச் சுத்தமாக ஏற்றினான். கடையில் போட்டுத் தந்திருந்ததில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தபோது, உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி வந்தது. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம்? திருட்டு விண்டோஸுக்கு அது ஒரு அடையாளம். இந்த ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரிஜினல் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிச் சுத்தமாக ஏற்றி, இன்டர்நெட்டில் இணைத்ததும் டிஜிட்டல் லைசென்ஸ் என்று தானாகவே வந்துவிட்டது. ஒரு பைசா செலவில்லை.

சறுக்கியது டேலியில். புதியதில் ஏற்றி லைசென்ஸ் எண் போட்டால், ஏற்கெனவே வேறு மெஷினில் இருக்கிறது என்கிறது. பழையதில் போய் முதலில் சரண்டர் செய்ய வேண்டும். பத்து வருஷமாகத் தெரிந்த விஷயம், அவசரத்தில் மறந்துவிட்டேன். மூலைக்குத் தள்ளிவைத்திருந்த பழைய பெட்டியை மறுபடி இணைத்தால் அது எழவில்லை. ரேமைக் கழற்றித் துடைத்து மூன்றாவது தடவை ஆன் செய்தபோதுதான் பீப் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்காக நான் வேண்டிய தெய்வங்கள் கொஞ்சமல்ல. பழையது உயிரோடு இருக்கும்போதே லைசென்ஸை விடுவித்து, டேட்டாவை எடுத்து, டோக்கன் டிரைவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ் ஃபான்டில் லெட்டர்ஹெட் அடித்திருப்பவர்கள் அந்த ஃபான்ட் கோப்புகளையும் மறக்காமல் எடுங்கள். என் பழைய கடிதங்களெல்லாம் புதியதில் ஆங்கிலக் குப்பையாகத் திறந்தன. பாமினி ஏற்றிய பிறகுதான் தமிழாயின.

மானிட்டருக்கு எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ மாற்றி 250, வைஃபை டாங்கிள் 450. ஒரு ரேம் ஸ்லாட் காலியாக இருந்ததால் இன்னொரு 8 ஜிபி 2,100. பெட்டியோடு சேர்த்து 19,300. ரயில் டிக்கெட்டையும் மவுஸ் பேடையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, எழுதுகிறவள் நான்தானே. டைரியில் பழைய 4 நிமிஷம் 20 விநாடிக்கு நேரே இப்போது 38 விநாடி என்று இருக்கிறது.

கொழுந்தனார் கொடுத்தனுப்பிய சின்ன வாட் மீட்டரை இடையில் மாட்டிப் பார்த்தேன். பழையது வேலையில் 70 வாட் அருகே இழுத்தது, இது 25. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாத ரீடிங்கில் 27 யூனிட் மிச்சம். அதைவிட எனக்குப் பிடித்தது யுபிஎஸ். அதே பழைய 600 விஏ யுபிஎஸ்தான். முன்பு கரண்ட் போனால் சேவ் பண்ணி ஆஃப் செய்வதற்குள் உயிர் போகும். இப்போது இருபது நிமிஷம் நிற்கிறது.

அக்டோபர் 1 ஆயுத பூஜை. புதியதின் முன்பக்கம் முழுக்கக் காற்றுப்போகும் சல்லடை. சந்தனம் உள்ளே போய்விடுமோ என்று பயந்து தலையில் ஒரு சின்னப் பொட்டு மட்டும் வைத்தேன். பக்கத்தில் பழையதையும் துடைத்து வைத்து, அந்தப் பழைய வட்டத்தின் மேலேயே இன்னொரு சுற்று பூசினேன். அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன், அத்தனை பேர் கணக்கு அதில் இருக்கிறது. மிச்சப் பெட்டிக்குள் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் ஏற்றுவதாக மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். இணையத்தில் 1,800க்கு ஒரு ஐ7-3770 பார்த்து வைத்திருக்கிறானாம். அண்ணனைத் தம்பி வீட்டுக்கே கூட்டிவரப் போகிறான்.